மணிமேகலை இல்லாத படம்

பொன்னியின் செல்வன் இரண்டாம் பாகத்தைப் பார்த்துவிட்டு வந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அலமாரியிலிருந்து நாவலின் ஐந்தாம் பாகத்தை எடுத்து, நேராகக் கடைசி அத்தியாயத்துக்குப் போய், ‘மலர் உதிர்ந்தது’ என்ற தலைப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மணிமேகலை வந்தியத்தேவனின் மடியில் உயிரை விடும் அத்தியாயம் அது. பள்ளிக்கூட நாட்களில் அதைப் படித்து முடித்துவிட்டு, அழுதது வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாது என்று முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தவள் நான். அந்தப் பக்கத்து ஓரத்தில் அப்போது பென்சிலால் போட்ட கோடு இன்னும் இருக்கிறது. எந்த வரிக்காகப் போட்டேன் என்று நினைவில்லை, பக்கம் முழுவதற்கும் சேர்த்துப் போட்டதாகத்தான் இருக்கும்.

படத்தில் மணிமேகலை சாகவில்லை. அவள் அதில் பிறக்கவே இல்லை. முதல் பாகத்தில் அவளைக் காணோம் என்றபோது, சரி, அவளுடைய முக்கியமான இடங்கள் எல்லாம் பின்னால்தானே வருகின்றன, அடுத்த பாகத்தில் வந்துவிடுவாள் என்று ஏழு மாதம் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு இருந்தேன். 2022 செப்டம்பரில் முதல் படம், 2023 ஏப்ரலில் இரண்டாவது. அந்த இரண்டாவது படம் முடிந்து தியேட்டரில் விளக்கு போட்டபோதுதான் அவள் வரப்போவதே இல்லை என்பது எனக்கு உறைத்தது.

(இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிவில் சில நாவல்களின் முடிவுகள் அப்பட்டமாக வரும். இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள், இந்தப் பதிவு எங்கேயும் போகாது.)

பிடித்த நாவல் படமாகி ஏமாற்றம் தந்தால் அதைப் பற்றிப் பேசவே கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. உடனே ஒரு பதில் வந்துவிடும்: “இரண்டாயிரம் பக்கத்தை அப்படியே எடுக்க முடியுமா? புத்தகம் வேறு, சினிமா வேறு.” எனக்கும் தெரியும். திரைக்கதையில் ஒரு பக்கம் என்பது திரையில் சுமார் ஒரு நிமிடம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் இரண்டரை மணி நேரப் படத்துக்கு நூற்றைம்பது பக்கம், அதிலும் பாதி வெள்ளைக் காகிதம். கல்கி 1950இல் ஆரம்பித்து 1954 வரை வாரா வாரம் எழுதிய கதையை, இரண்டு படமும் சேர்த்து ஏறக்குறைய ஐந்தரை மணி நேரத்தில் சொல்ல வேண்டும். வெட்டாமல் யாராலும் முடியாது, நானாக இருந்தாலும் வெட்டித்தான் இருப்பேன்.

வெட்டியதில் பெரும்பகுதி எனக்கு வலிக்கவும் இல்லை. நாவலில் உண்மையான உத்தம சோழன் யார் என்ற ரகசியம் ஐந்து பாகங்களுக்கு இழுத்துக்கொண்டு போகும், கடைசியில் பூமாலை கட்டிக்கொண்டிருந்த சேந்தன் அமுதன்தான் அவன் என்று தெரியும்போது நாம் திகைத்துப் போவோம். படத்தில் அந்த முடிச்சே கிடையாது, மதுராந்தகனே முடி சூட்டிக்கொள்கிறான். எவ்வளவு பெரிய மாற்றம்! ஆனாலும் என்னால் அதை ஏற்க முடிந்தது. அது கதையின் முடிச்சு. முடிச்சை வேறு மாதிரிப் போடலாம், போடாமலும் விடலாம், சொல்ல வந்த ஆட்சிப் போட்டி அப்படியேதான் இருக்கும்.

மணிமேகலை விஷயம் அப்படி இல்லை. அவளுக்குச் சிம்மாசனத்தில் எந்தப் பங்கும் கிடையாது. கடம்பூர்ச் சம்புவரையர் மகள், கந்தமாறனின் தங்கை. அண்ணன் தன் நண்பனைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே அவள் மனசில் வந்தியத்தேவனை உட்கார வைத்துவிட்டான். பிறகு அந்த அண்ணனே மனம் மாறி அவளை மதுராந்தகனுக்குக் கட்டிக்கொடுக்கப் பார்க்கிறான். வந்தியத்தேவனின் நெஞ்சிலோ குந்தவை இருக்கிறாள். அவன் முகத்தைக் கண்ணாடியில் கண்டு, இது கனவா நிஜமா என்று இவள் தடுமாறும் இடத்தைப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவளை உருவி எடுத்துவிட்டால் ராஜ்ய விவகாரத்தில் ஒரு செங்கல்கூட அசையாது. எடுத்ததற்குக் காரணமும் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் கல்கியைப் பாருங்கள். அத்தனை சதி, அத்தனை போர், கடல், புயல், வெள்ளம், முடிசூட்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, ஐந்து பாகத்தையும் மூடி வைப்பதற்கு அவர் தேர்ந்தெடுத்தது இந்தப் பெண்ணின் சாவை. யாரும் திரும்பிப் பார்க்காத ஒருத்திக்குக் கடைசிப் பக்கத்தைக் கொடுத்திருக்கிறார். சரித்திரத்தில் பெயர் எழுதப்படாத யாரோ ஒருத்தியாக நாமும் அந்த அரண்மனைக்குள் நின்றிருக்கலாம் என்று எனக்கு முதலில் தோன்றியது அங்கேதான்.

சரி, நீளம்தான் பிரச்சினை என்றால் நீளம் கொடுத்தால் தீர்ந்துவிட வேண்டும் அல்லவா? டோல்கீன் குழந்தைகளுக்காக எழுதி 1937இல் வந்த ‘தி ஹாபிட்’ ஒற்றைப் புத்தகம், அதுவும் பெரிய புத்தகம் இல்லை. அதை 2012 முதல் 2014 வரை மூன்று நீளப் படங்களாக எடுத்தார்கள். இடம் தாராளமாக இருந்தது. அந்தத் தாராளத்தை நிரப்பப் புத்தகத்தில் இல்லாத ஆட்களும் இல்லாத காதலும் உள்ளே வந்தன. வீட்டை விட்டுக் கிளம்பவே பிடிக்காத ஒரு சின்ன ஆள் கிளம்பிப் போன கதை, அந்தக் கூட்டத்தில் எனக்குக் கண்ணிலேயே படவில்லை. ஆகவே நீளத்தின் மேல் நான் பழி போட மாட்டேன்.

என்னை அதிகமாக வருத்துவது வேறொன்று. நாவலாசிரியர் வேண்டுமென்றே சொல்லாமல் விட்ட இடத்தைப் படம் சொல்லிவிடுவது.

ஆர். கே. நாராயணின் ‘தி கைடு’ நாவலின் கடைசிப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். சுற்றுலா வழிகாட்டியாக இருந்து, ஒருத்தியின் வாழ்க்கைக்குள் நுழைந்து, அவள் ஆடிச் சம்பாதித்ததில் உட்கார்ந்து சாப்பிட்டு, கையெழுத்து மோசடியில் ஜெயிலுக்குப் போய் வந்த ராஜு, போக்கிடம் இல்லாமல் ஆற்றங்கரையில் ஒரு பாழடைந்த கோயிலில் உட்காருகிறான். ஊர்க்காரர்கள் அவனைச் சாமியார் என்று நம்பிவிடுகிறார்கள். மழை இல்லை. ஏதோ ஒரு தகவல் குழப்பத்தில், மழைக்காகச் சாமி உண்ணாவிரதம் இருக்கப்போகிறார் என்று பரவிவிடுகிறது. அவனால் மறுக்கவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. நாளாக ஆக, நடிப்பாக ஆரம்பித்தது எங்கோ ஓர் இடத்தில் நிஜமாகிறது. கடைசி நாள் காலையில், எழுந்து நிற்கவே பலமில்லாதவனை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு போய் முழங்காலளவு தண்ணீரில் நிறுத்துகிறார்கள். அவன் மலைப்பக்கம் பார்த்து, மலையில் மழை பெய்கிறது, காலுக்கடியில் தெரிகிறது என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டுத் துவண்டு விழுகிறான். அவ்வளவுதான், நாவல் முடிந்துவிட்டது.

மழை பெய்ததா? அவன் செத்தானா? கடைசியில் அவன் நிஜமாகவே ஞானி ஆகிவிட்டானா, பசி மயக்கத்தில் வந்த பிரமையா? நாராயண் சொல்லவில்லை. புத்தகத்தை மூடிய பிறகு நாம்தான் அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு மலையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் முதல் தடவை படித்தபோது அவன் ஏமாற்றுக்காரன், பிரமைதான் என்று முடிவு கட்டினேன். பல வருஷம் கழித்துப் படித்தபோது மழை வந்தது என்று உறுதியாகத் தோன்றியது. இந்த இரண்டு வாசிப்புக்கும் நடுவில் புத்தகத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை, மாறினது நான்தான்.

1965இல் வந்த ஹிந்திப் படத்தில் மழை பெய்கிறது. கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, ஜனங்கள் ஆடுகிறார்கள். மிக அழகான படம், எஸ். டி. பர்மனின் பாட்டுகளை இப்போதும் கேட்பேன், வஹீதா ரஹ்மானின் ஆட்டத்தைப் பார்க்க மட்டும் மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த மழை விழுந்ததுமே என் கேள்வி நனைந்து அணைந்துவிட்டது. மழை வந்தது, ஆகவே அவன் மகான், வீட்டுக்குப் போகலாம். நாராயணுக்கே பெரிய மனக்குறை இருந்தது. அவர் வருஷக்கணக்காகக் கட்டி எழுப்பிய மால்குடி என்ற ஊரே படத்தில் இல்லாமல் போய், கதை ராஜஸ்தானத்து அரண்மனைப் பக்கம் போய்விட்டது. அதைப் பற்றி அவர் ஒரு கட்டுரையே எழுதினார்.

பொன்னியின் செல்வனில் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் சாவிலும் இதேதான். நாவலில் கடம்பூர் மாளிகையின் அந்த அறை எப்படிப்பட்டது? இருட்டு. ஆளுக்கொரு மூலையில் ஆட்கள். கொல்லக் காரணம் உள்ளவர்கள் ஒருவர் இல்லை, பல பேர். கொலைப்பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. நான்தான் கொன்றேன் என்று பழியை இழுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்ள மணிமேகலை முன்னால் வருகிறாள். இத்தனைக்குப் பிறகும் யார் கை என்று கல்கி அடித்துச் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. சரித்திரமே அப்படித்தான் இருக்கிறது. உடையார்குடிக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசனையும் அவன் சகோதரர்களையும் பெயர் சொல்லி, அவர்கள் நிலத்தைப் பறித்ததைச் சொல்கிறது. ஏன் கொன்றார்கள், பின்னால் யார் நின்றார்கள் என்பதைக் கல் சொல்லவில்லை. ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சரித்திர இருட்டை அப்படியே ஒரு அறைக்குள் கொண்டுவந்து வைத்தார் கல்கி. படம் நம்மை அதே அறைக்குள் கூட்டிப்போய் என்ன நடந்தது என்று காட்டிவிடுகிறது. அந்தக் காட்சி நன்றாக நடிக்கப்பட்டிருக்கிறது, உருக்கமாகவும் இருக்கிறது. ஆனால் நாவலைப் படித்துவிட்டு, “நந்தினியா?” “இல்லடி, எனக்கென்னவோ பழுவேட்டரையர்தான்” என்று தோழிகளோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டியதற்கு அங்கே இடமில்லை. படம் பார்த்து வந்தவர்கள் யாரும் அதைப் பற்றிச் சண்டை போட்டு நான் கேட்கவில்லை.

இதைச் சொன்னால், “சினிமாவில் காட்டாமல் எப்படி விட முடியும், கேமரா எதையாவது பார்த்துத்தானே ஆக வேண்டும்” என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான், நானும் நிறைய யோசித்தேன். எழுத்தில் ‘இருட்டு’ என்று ஒரு சொல் போட்டால் போதும், இருட்டாகிவிடும். திரையில் இருட்டுக்கும் ஒரு வெளிச்சம் வைக்க வேண்டும். புத்தகத்தில் ஒருவன் மனசுக்குள் நாற்பது பக்கம் நினைத்துக்கொண்டே இருக்கலாம், படத்தில் அவன் முகத்தை நாற்பது விநாடி காட்டினாலே ஜனங்கள் நெளிவார்கள். உண்மை. ஆனால் கதவுக்கு வெளியே கேமராவை நிறுத்திவிட்டு உள்ளே சத்தத்தை மட்டும் கேட்க வைத்த படங்களும் நம்மிடம் இருக்கின்றன. முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பார்க்கிறவர்களால் தாங்க முடியாது என்ற பயம்தான் தடுக்கிறது.

அந்தப் பயம் ஒரு கதையை எப்படித் தலைகீழாக்கும் என்பதற்கு, மிஹாயேல் எண்டே ஜெர்மன் மொழியில் எழுதிய ‘முடிவில்லாக் கதை’யை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1979இல் வந்த நாவல். பாஸ்டியன் என்ற தனிமைப்பட்ட பையன் ஒரு புத்தகத்தைத் திருடி வந்து, பள்ளிக்கூடத்துப் பரணில் ஒளிந்துகொண்டு படிக்கிறான். படிக்கப் படிக்க, அந்தப் புத்தகத்துக்குள் இருக்கும் உலகம் அழிந்துகொண்டிருக்கிறது, அதைக் காப்பாற்றத் தன்னால்தான் முடியும் என்று தெரிகிறது. நிஜ உலகம் ஒரு நிற மையிலும் புத்தக உலகம் இன்னொரு நிற மையிலும் அச்சிடப்பட்ட புத்தகம் அது. பாதியில் பையன் உள்ளேயே போய்விடுகிறான். அவன் ஆசைப்பட்டதெல்லாம் நடக்கிறது. ஆனால் ஒவ்வோர் ஆசைக்கும் அவனுடைய நினைவுகளில் ஒன்று போய்விடும். அழகனாக ஆசைப்பட்டால், குண்டாக இருந்த பழைய பாஸ்டியன் மறந்துபோவான். இப்படியே போய்ப் போய்த் தன் சொந்தப் பெயரையே இழக்கும் நிலைக்கு வருகிறான். கற்பனைக்குள் போனவன் திரும்பி வர என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதுதான் பின்பாதி முழுவதும்.

1984இல் வந்த படம் ஏறக்குறைய முதல் பாதியோடு நின்றுவிட்டது. ஆசைகள் நிறைவேறுகின்றன, பையன் பறக்கும் நாகத்தின் மேல் ஏறி, தன்னை அடித்த முரட்டுப் பையன்களைத் துரத்துகிறான், சுபம். விலை கொடுக்கும் பாதி காணோம். எண்டே தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார், வழக்குப் போட்டார், தோற்றார். அவர் ஏன் அவ்வளவு கொதித்தார் என்று சிறுவயதில் அந்தப் படத்தை ரசித்தவர்களுக்குப் புரியாது. புத்தகத்தைப் படித்தால் புரிந்துவிடும். ஆசைப்படு, ஆனால் கவனமாக இரு என்று அவர் எழுதியது, ஆசைப்பட்டால் போதும் என்று மாறித் திரைக்கு வந்தது.

முகங்களைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு நடிகர் நன்றாக நடித்தாலும் நடிக்காவிட்டாலும், படம் பார்த்த பிறகு அந்தப் பாத்திரத்துக்கு அவர் முகம்தான். திரும்பப் படிக்கும்போது நம்முடைய பழைய முகத்தைக் கொண்டுவர எவ்வளவு முயன்றாலும் வராது. ஆனால் நான் இதில் கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் என் மனசில் இருந்த குந்தவையே மணியம் வரைந்த குந்தவைதான். தொடர் வந்த காலத்திலேயே அவர் வரைந்த ஓவியங்களை அடுத்தடுத்த தலைமுறைகளும் பார்த்துத்தான் வளர்ந்தோம். அதேபோல ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடராக வந்தபோது கோபுலுவின் கோடுகளில்தான் மோகனாவையும் சண்முகசுந்தரத்தையும் ஜனங்கள் பார்த்தார்கள். 1968இல் படம் வந்தது. இன்றைக்கு யாரைக் கேட்டாலும் பத்மினி, சிவாஜி. என் அம்மாவுக்கு மட்டும் இன்னும் கோபுலுவின் மோகனா ஞாபகம் இருக்கிறது. “படத்துல அவ ரொம்ப அழகு. ஆனா பத்திரிகையில இருந்தவ எனக்குத் தெரிஞ்சவ” என்பாள். ஓவியர் வரைந்த முகம் நகராது, பேசாது. மிச்சத்தை நாம் போட்டுக்கொள்ளலாம். திரை முகம் மூச்சு விடுவதையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது, நமக்குப் போட ஒன்றும் மிச்சமில்லை.

இதில் சிலசமயம் வெறும் ரசனைக் குறை என்று தள்ள முடியாத அநியாயமும் நடந்துவிடும். அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய ‘எர்த்ஸீ’ நாவலின் நாயகன் கெட், செம்பழுப்பு நிறத் தோல்காரன். அந்தத் தீவுகளில் பெரும்பாலானவர்கள் பழுப்பும் கறுப்பும்தான், வெள்ளையர்கள் ஓரத்தில் இருப்பவர்கள். லெ குவின் இதை முதல் பக்கத்தில் போட்டு உடைக்கவில்லை. கெட்டோடு நாம் நன்றாக ஒட்டிக்கொண்ட பிறகுதான் மெதுவாகத் தெரிய விட்டார். அதற்குள் வாசகன் அவனாகவே ஆகிவிட்டிருப்பான், பின்வாங்க முடியாது. 2004இல் தொலைக்காட்சிக்காக எடுத்தபோது கெட்டாக வந்தது ஒரு வெள்ளைக்காரப் பையன். லெ குவின் வெளிப்படையாகவே கண்டித்து எழுதினார். பழுப்புத் தோலோடு அந்தப் புத்தகத்தைப் படித்து, “அட, மந்திரவாதி என்னை மாதிரி இருக்கான்!” என்று ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்ந்த என்னைப் போன்றவர்களிடமிருந்து அந்தக் கணத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்றுதான் எனக்கு இன்றும் படுகிறது.

அப்புறம் ‘வெக்கை’. இதை எழுதக் கொஞ்சம் பயமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த நாவலிலிருந்து எடுத்த ‘அசுரன்’ படம் பிடித்தவர்கள் நிறைய. எனக்கும் பிடிக்கும். 2019இல் பார்த்தபோது கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி, அது பெற்ற தேசிய விருதுகள் எல்லாம் தகும். ஆனால் பூமணி 1982இல் எழுதிய ‘வெக்கை’ ஒரு பையனுடைய நாவல். சிதம்பரத்துக்குப் பதினைந்து வயது. அண்ணனைக் கொன்றவனின் கையை மட்டும் வெட்டத்தான் நினைத்தான், வெட்டு வேறு இடத்தில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அப்பாவும் மகனும் சுமார் ஒரு வாரம் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள். பெரிய சம்பவம் எதுவும் நடக்காது. எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே படுக்கலாம், யார் வருகிறார்கள், அம்மாவும் தங்கையும் எப்படி இருக்கிறார்கள். கொலை செய்த பையன் இன்னும் பையனாகவே இருக்கிறான், தின்பண்டத்துக்கு ஆசைப்படுகிறான், அப்பாவிடம் சந்தேகம் கேட்கிறான். அவனைத் திட்டவோ அடிக்கவோ மனசில்லாமல் அந்த அப்பா கூடவே நடக்கிறார். படித்து முடித்தபோது எனக்கு ஒரு கொலைக்கதை படித்த மாதிரியே இல்லை, ஓர் அப்பாவும் பிள்ளையும் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒன்றாக இருந்த ஒரு வாரத்தைப் பார்த்த மாதிரி இருந்தது.

படம் அப்பாவின் படமாகிவிட்டது. அவருக்கு ஒரு பெரிய கடந்தகாலம் வந்தது, அடக்கி வைத்த கோபம் வந்தது, அது வெடிக்கும் சண்டைகள் வந்தன. அந்தக் கடந்தகாலம் சொல்லும் சாதி வரலாறு தேவையான வரலாறு, அதைச் சொன்னதற்காக அந்தப் படத்தை மதிக்கிறேன். ஆனாலும் பையன் ஓரத்துக்குப் போய்விட்டான். கதை அவன் கண் வழியாக நடந்தபோது இருந்த அந்த விசித்திரமான அமைதி போய்விட்டது. நாவலில் நான் பயந்தது அவனுக்காக, படத்தில் காத்திருந்தது அப்பா எப்போது திருப்பி அடிப்பார் என்று. இந்த வித்தியாசத்தை எனக்கு நானே சொல்லிக்கொள்ளவே இரண்டு நாள் ஆனது.

அப்படியானால் நாவலைத் தொடவே கூடாதா என்றால், இல்லை, அப்படிச் சொல்ல என்னால் முடியாது. ‘உதிரிப்பூக்கள்’ இருக்கிறதே. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யை வைத்து மகேந்திரன் 1979இல் எடுத்த படம். கதையையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இதிலிருந்தா அது வந்தது என்று ஆச்சரியமாக இருக்கும், அவ்வளவு மாறியிருக்கிறது. ஆட்கள் வேறு, போக்கு வேறு, முடிவு வேறு. தாயில்லாத குழந்தைகளைப் பற்றிய துக்கத்தை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டு, மற்றதை எல்லாம் தானே உண்டாக்கிக்கொண்டார். கடைசியில் அந்த மனிதன் ஆற்றுக்குள் இறங்கிவிடுகிறான், இரண்டு குழந்தைகளும் கரையோரமாக நடக்கின்றன. எங்கே போகும், யார் எடுத்துக்கொள்வார்கள், ஒன்றும் சொல்லவில்லை. முதன்முதலில் பார்த்தபோது எழுந்து தொலைக்காட்சியை அணைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் படம் புதுமைப்பித்தனிடமிருந்து வரி வரியாக எதையும் காப்பாற்றவில்லை. இருந்தும் அவரைப் படித்து முடித்தபின் மனசு என்ன பாடுபடுமோ அந்தப் பாட்டைப் பட்டது. இப்படி எடுத்தால் நான் எதையும் இழந்ததாக நினைக்க மாட்டேன். முழு மணிமேகலையும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவளுக்காக நான் பட்ட துக்கம் வேறெங்காவது, வேறு யார் முகத்திலாவது வந்திருந்தால்கூடப் போதும் என்று அன்று ராத்திரி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நினைத்தேன்.

எழுத்தாளரே கூட இருந்தால் சரியாக வருமா என்றும் சிலர் கேட்பார்கள். ஜெயகாந்தன் ‘சில நேரங்களில் சில மனிதர்க’ளுக்குத் தானே திரைக்கதை எழுதினார், 1977இல் படம் வந்தது, நாவலின் நாயகி கங்கா அதில் கங்காவாகவே இருந்தாள். எல்லா எழுத்தாளர்களுக்கும் அந்தப் பிடிவாதமும் இருக்காது, அந்த இடமும் கிடைக்காது.

போன மாதம் அக்கா மகள் போன் பண்ணினாள். அவள் பொன்னியின் செல்வனைப் படமாகத்தான் முதலில் பார்த்தாள், இரண்டு பாகமும் மூன்று நான்கு தடவை. பார்த்த பிறகுதான் புத்தகம் வேண்டும் என்று கேட்டாள். என்னுடைய ஐந்து பாகத்தையும் அட்டை போட்டு அனுப்பி வைத்தேன். அந்தப் படத்துக்கு நான் நன்றி சொல்லித்தான் ஆக வேண்டும், அது இல்லையென்றால் அவள் இத்தனை பக்கத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டாள்.

“சித்தி, இந்த மணிமேகலை யாரு? படத்துல வரவே இல்லையே?”

“எந்தப் பாகத்துல இருக்கே?”

“நாலாவது. எல்லாரும் கடம்பூர் வந்துட்டாங்க. இவளை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. இவளுக்கு என்ன ஆகும், சொல்லுங்க.”

“படிடா.”

“நல்லபடியா ஆகுமா, அதை மட்டும் சொல்லுங்களேன்.”

நான் சொல்லவில்லை. நேற்று மறுபடியும் பேசினாள், ஐந்தாம் பாகம் ஆரம்பித்துவிட்டாளாம். பக்க ஓரத்தில் யார் சித்தி பென்சிலால் கோடு போட்டது, தானும் போடலாமா என்று கேட்டாள். போட்டுக்கொள் என்றேன்.